பிள்ளையை மயக்கிப் பல்லுப் பிடுங்க ஏலாதோ?

சொத்தைப் பல்லோடு பிள்ளையைக் கூட்டி வருகிற தாய்மார் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். ஏலும். ஆனால் முழுமயக்கம் பல் வைத்தியரின் கதிரையில் வைத்துக் கொடுக்கிற விஷயம் இல்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டரும் மயக்க மருந்து வைத்திய நிபுணரும் வேண்டும். பிரித்தானியாவில்கூட 2001 முடிவோடு பல் கிளினிக்குகளில் அதை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் மட்டும் என்றாக்கிவிட்டார்கள்.

வைத்தியர் வேலை செய்வதும் நோயாளி மூச்சுவிடுவதும் ஒரே வழியில். இரத்தம், எச்சில், உடைந்த பல்துண்டு எல்லாம் தொண்டைக்குத்தான் இறங்கும். முழித்திருப்பவர் இருமித் துப்புவார், மயங்கினவர் என்ன செய்வார்? அதனால் பெரும்பாலும் சுவாசக் குழாயை மூக்கு வழியாக விட்டு, தேவையென்றால் தொண்டையில் ஈரக் கோஸ் துணிச் சுருள் ஒன்றை வைத்து அடைப்பார்கள். அந்தச் சுருளை எடுக்க மறந்தால், குழாயை உருவியதும் மூச்சு அடைத்துவிடும். வைத்ததைப் பலகையில் எழுதி, எடுத்ததைச் சத்தமாகச் சொல்லி அழிப்பது அதற்காகத்தான்.

அரைமயக்கம் வேறு. சிரிப்பு வாயு என்றால் முதலில் தனி ஒட்சிசன், பிறகு வாயுவைப் பத்துப் பத்து வீதமாகக் கூட்டுவார்கள். 30 முதல் 50 வீதம் அநேகருக்குக் காணும். ஒட்சிசன் 30 வீதத்துக்குக் கீழே இறங்க மெசின் விடாது. முடிவில் 3 முதல் 5 நிமிடம் தனி ஒட்சிசன். அதைச் சுருக்கினால் தலையிடியும் பிரட்டலும் வரும். மூக்கடைப்புள்ள பிள்ளைக்கு இந்த முறை சரிவராது, மூக்கால் இழுத்தால்தானே வாயு உள்ளே போகும்.

வாயால் கொடுக்கும் மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கிலோவுக்கு அரை மில்லிகிராம் அளவில், 20, 30 நிமிடத்தில் பிடிக்கும். சில பிள்ளைகள் அமைதியாவதற்குப் பதிலாகக் குழம்பிக் கத்துவார்கள். மிடசோலமோ நோவைப் போக்காது, விறைப்பு ஊசி எப்படியும் போடத்தான் வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. 2 வீத லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தின் 2.2 மில்லிலீற்றர் குப்பியில் 44 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று பார்த்தால் 15 கிலோப் பிள்ளைக்கு ஒன்றரைக் குப்பியோடு சரி. சீழ் கட்டின இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து நரம்புக்குள் ஊறாது. "விறைக்கேல்லை, இன்னொண்டு போடுங்கோ" என்று அதே இடத்தில் குத்தச் சொல்வதில் பயனில்லை.

முழுமயக்கத்துக்கு முதல் ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை. பால்தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். பச்சைத் தண்ணியோ பாலில்லாத தேத்தண்ணியோ இரண்டு மணித்தியாலம் முன்புவரை குடிக்கலாம். ஒரு வாய்தானே என்று விடியப்புறம் புட்டைத் தீத்திவிட்டு மறைத்தால், அது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். மறைக்காமல் சொன்னால் நாளைத் தள்ளிப் போடுவார்கள், அவ்வளவுதான். ஆடுகிற பல்லையும் தடிமன் காய்ச்சலையும்கூட முன்கூட்டியே சொல்லுங்கோ.

வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம். தூங்கி விழுகிற பிள்ளையின் நாடி நெஞ்சில் குத்தினால் மூச்சுவழி மடிந்துவிடும். ஓட்டோவோ காரோ பிடித்து, ஓட்டுபவரைவிட இன்னொருவர் பக்கத்தில் இருந்து நாடியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.