உபுண்டுவில் தமிழ்99: பட்டியலில் இரண்டு இருக்கும், ஒன்றுதான் வேலைக்கு ஆகும்

உபுண்டு போன்ற, க்னோம் என்ற திரைச்சூழலில் இயங்கும் லினக்ஸ் கணினிகளில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையை வைத்துக் கொடுக்கும்போது அடிக்கடி வரும் புகார்: "க இரண்டு முறை அடித்தால் க்க வரவில்லை, கக என்றே நிற்கிறது." விசைப்பலகையில் பழுதில்லை. பட்டியலில் தவறானது தேர்வாகியிருக்கிறது.

க்னோம் செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்சஸ், பிளஸ் குறி என்று போனால் தமிழுக்குக் கீழே தமிழ்நெட்'99 என்று ஒன்று தெரியும். அது எக்ஸ்கேபி (லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பு) வரைபடம். இந்த விசைக்கு இந்த எழுத்து என்பது மட்டுமே அதற்குத் தெரியும். முன்னால் என்ன அடித்தோம் என்பதை அது நினைவில் வைப்பதில்லை. தமிழ்99-இன் உயிரே தானாக விழும் புள்ளிதான். ம ம என்றால் ம்ம, ந த என்றால் ந்த. முன்னெழுத்தைப் பார்க்காத வரைபடத்தால் இதைச் செய்ய முடியாது.

தேவையானது எம்17என் (பல மொழிகளுக்கான உள்ளீட்டு விதிகளின் தொகுப்பு) வழியாக வரும் தமிழ்99. அதை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு இணைக்கும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற பொதியை நிறுவுங்கள். நிறுவியதும் பட்டியலில் தேடினால் இருக்காது; ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பிறகு அதே பட்டியலில் பெயருக்குப் பின்னால் எம்17என் என்று குறிப்பிட்ட தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்கேபி பதிவை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் சூப்பர் (விண்டோஸ் குறியுள்ள விசை)+ஸ்பேஸ் அழுத்தி மாறும்போது எதில் இருக்கிறோம் என்று குழம்பும். ஆங்கிலம் பட்டியலில் முதலாவதாக இருக்கட்டும், கடவுச்சொல் அடிக்கும் இடத்தில் அதுதான் வசதி. அதே பக்கத்தில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி என்ற தேர்வு இருக்கிறது. உலாவியில் ஆங்கிலமும் எழுதும் செயலியில் தமிழுமாக வேலை செய்பவர்கள் அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

சோதிக்க இரண்டு சொல் போதும். 'அம்மா'வுக்கு அ ம ம ஆ, நான்கே விசை. 'தத்துவம்' கொஞ்சம் நுட்பம்: த அ த த உ வ ம, கடைசியில் எஃப் விசையில் உள்ள புள்ளி. முதல் 'த'வுக்குப் பின் அ அடிக்காவிட்டால் சொல் 'த்த' என்று தொடங்கிவிடும். தானாக விழும் புள்ளியைத் தடுக்கத்தான் அந்த அ. புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காததால்தான் பலர் தமிழ்99-ஐ விட்டுவிட்டு ஒலிபெயர்ப்புக்கு ஓடுகிறார்கள். வருத்தமான விஷயம்.

ஒரு செயலியில் தமிழ் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால், உள்ளீட்டு முறையைத் தேர்வு செய்யும் ஐஎம்-கான்பிக் (im-config) கருவியில் ஐபஸைத் தேர்ந்து மறுபடி உள்நுழைந்து பாருங்கள். க்யூடி என்ற கருவித்தொகுதியில் எழுதிய செயலிகள் பெரும்பாலும் இதிலேயே சரியாகும். லிப்ரே ஆபீஸுக்கு, அதை க்னோமோடு பொருத்தும் ஜிடிகே3 இணைப்புப் பொதி (libreoffice-gtk3) இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் (சிக்கலான உரைத் தளவமைப்பு) பெட்டியை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழுக்கான எழுத்துரு அங்கே தனிக்கணக்கு. ஆங்கில எழுத்துருவை மாற்றினால் தமிழ் அசையாது.

அடிக்கும்போது கடைசி எழுத்தின் கீழ் கோடு தெரிந்தால் அது இன்னும் பெட்டிக்குள் முழுதாக இறங்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் மவுஸால் அடுத்த பெட்டியைச் சொடுக்கினால் சில செயலிகள் அந்த எழுத்தைத் தின்றுவிடும். படிவம் நிரப்புபவர்கள் ஸ்பேஸோ வலது அம்போ தட்டிவிட்டு நகர்வது நல்லது.

பேக்ஸ்பேஸ் முழு எழுத்தை அழிக்காது, எழுத்தை ஆக்கும் யூனிகோடு குறியீடுகளை ஒவ்வொன்றாக அழிக்கும். 'கொ'வில் ஒரு தட்டு தட்டினால் 'க' மிஞ்சும். 'ஸ்ரீ' முழுதும் போக நான்கு தட்டு. டெலீட் விசையோ 'கொ'வை ஒரே அடியில் எடுத்துவிடும். இது பிழையல்ல, யூனிகோடு அப்படித்தான். நீள வரம்புள்ள பெட்டிகளிலும் இதே கணக்குதான்: 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு 5 குறியீடு, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். 50 பைட் என்று வரம்பு வைத்த பெயர்ப் பெட்டியில் 16 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். முதலெழுத்தோடு ஊர்ப்பெயரும் சேர்ந்தால் பாதியில் வெட்டும்.

தேடலில் சிக்காத சொற்களுக்கு வேறு காரணம். 'கௌ'வும் 'கெள'வும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். பின்னது எகர உயிர்க்குறியும் ளகரமும். எக்ஸ்கேபியில் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்து உண்டாக்கிய 'கொ'வும் அப்படியே, பல தேடல் பெட்டிகள் அதை வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியான எழுத்து. 'கெ' என்று நின்றால் அந்தக் கோப்பு முழுதையும் 'தேடி மாற்று' போட்டுத் திருத்த வேண்டியிருக்கும்.