கவுண்ட் மட்டும் கேட்டால் போதுமா?

வேதாரண்யம் பக்கம் இறால் வளர்ப்பவர்கள் போனில் பேசினால் முதல் கேள்வி "இப்ப என்ன கவுண்ட்?" என்பதுதான், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால். எண் குறையக் குறைய இறால் பெரிசு. குஞ்சு விட்ட தொண்ணூறாம் நாளே 40 கவுண்ட் என்று யாராவது சொன்னால் கேட்பவருக்கு வயிறு எரியும். எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சர்வைவல் எவ்வளவு, அதாவது விட்டதில் எத்தனை சதவீதம் உயிரோடு தேறியது என்று கேட்டுப் பாருங்கள், பதில் இழுக்கும். ஒரு லட்சம் வனாமி இன இறால் குஞ்சு விட்ட குளத்தில் பாதி செத்துவிட்டால் மிச்சத்துக்கு இடமும் ஆக்சிஜனும் தாராளம், மளமளவென்று வளரும். 50 ஆயிரம் இறால், தலைக்கு 25 கிராம், மொத்தம் 1,250 கிலோ. பக்கத்துக் குளத்தில் 85 சதவீதம் தேறி 50 கவுண்டில் பிடித்தால் 1,700 கிலோ. 40 கவுண்டுக்கு விலை கூடத்தான், ஆனால் 450 கிலோ பள்ளத்தை அது பெரும்பாலும் நிரப்பாது. செத்ததுக்கும் சேர்த்துப் போட்ட தீவனக் காசு வேறு.

செத்தது கண்ணில் படாது, அதுதான் வில்லங்கம். பெரும்பாலும் அடியில் கிடக்கும், மற்ற இறால் தின்றுவிடும். வீச்சுவலை எடையைச் சரியாகக் காட்டும், எண்ணிக்கையை அவ்வளவு நம்ப முடியாது. தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரே தட்டில் தீவனம் மிஞ்சுகிறதா, உடனே குறையுங்கள். தீவன அளவு சார்ட்டில் இருக்கிறதே என்று கொட்டினால் அடியில் அழுகி அம்மோனியா ஏறும், விடிவதற்குச் சற்று முன்னால், ஆக்சிஜன் எப்படியும் அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில், சட்டை (ஓடு) உரித்து மெத்தென்று கிடக்கும் இறால்தான் முதலில் போகும். நெருக்கமாக விட்ட குளத்தில் இது இன்னும் சீக்கிரம். 2009இல் வனாமியை அனுமதித்தபோதே சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது என்று விதி போட்டார்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு கதை.

பாதி செத்து மிச்சம் பெரிசாவதற்கு நேர் எதிர் ஈஎச்பி என்ற இறால் நோய். வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் மாதிரி சில நாளில் குளத்தையே காலி பண்ணாது. இறால் உயிரோடு இருக்கும், தீவனம் தின்னும், ஆனால் பல சமயம் 100 கவுண்டிலேயே வளர்ச்சி நின்றுவிடும், வலையில் பெரிசும் பொடிசுமாக வரும். இறாலின் செரிமான உறுப்பான ஈரல்கணையத்தில் உட்காரும் நுண்ணுயிரி அது, கழிவு வழியாகப் பரவும், மருந்து கிடையாது. அதனால் வளர்ச்சி நின்றால் தீவனத்தைக் கூட்டாமல் லேபில் பிசிஆர் (மரபணு) சோதனை பாருங்கள். ஈஎச்பி என்று வந்தால் கணக்குப் பார்த்துச் சீக்கிரம் பிடித்துவிடலாம், அப்புறம் குளத்தைக் காயப்போட்டு, சுட்ட சுண்ணாம்பைத் தாராளமாகப் போட்டு உழுது, சோதித்த குஞ்சு கிடைத்தால் மட்டும் விடுங்கள்.