ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

எங்கள் மகள் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். கோவையில், வார நாட்களில் துடியலூரில் என்னோடும், வார இறுதிகளில் சிங்காநல்லூரில் அவள் அப்பாவோடும் இருந்து வருகிறாள். இப்போது அவள் படிப்பது என் வீட்டுக்கு அருகில் உள்ள மாநிலப் பாடத்திட்டப் பள்ளி. நீட், ஜே.இ.இ. தேர்வுகளை மனத்தில் வைத்து, ஆறாம் வகுப்பிலேயே சி.பி.எஸ்.இ.க்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார் அவள் அப்பா. அவர் பார்த்து வைத்திருக்கும் பள்ளி சிங்காநல்லூரில் இருக்கிறது.

அவர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் நீட் தேர்வு பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை ஒட்டியது. அதற்காகப் பத்து வயதில் பள்ளி மாற்றுவானேன்? அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். காலையில் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவளைத் தினமும் வேனில் அனுப்ப முடியாது என்பதால், பள்ளி எந்தப் பக்கம் அமைகிறதோ அந்தப் பக்கமே அவளுடைய வார நாட்களும் போய்விடும். ஆக, பாடத்திட்டத்தின் பெயரால் நாங்கள் உண்மையில் வாதிட்டுக்கொண்டிருப்பது அவள் யார் வீட்டில் வளர்வது என்பதைப் பற்றித்தான். இதை இருவருமே வாய்விட்டுச் சொல்வதில்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்தின்போது எழுதிய ஒப்பந்தத்தில், "குழந்தையின் கல்வி குறித்து இருவரும் கலந்து முடிவு செய்வோம்" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. கலந்தும் முடிவு வராவிட்டால் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. கூட்டுப் பாதுகாப்பை, அதாவது பிரிந்த பெற்றோர் இருவரும் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதை, சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் தனது 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை அறிக்கையாகவே நின்றுவிட்டது. இப்போதைக்கு எங்களுக்கு இருக்கும் வழி, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளையின் கல்வி பற்றி மனுப் போடலாம். இயன்றவரை பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் கல்வி, பராமரிப்பு மனுக்களைக் கூடுமானவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வது, மூல வழக்கு நிலுவையில் இருக்கும்போது போடும் மனுக்களுக்கு மட்டுமே. எங்கள் வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஏப்ரலில் மனுப் போட்டால் மே மாதம் கோடை விடுமுறை. நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் பள்ளி திறந்துவிடும்.

ஆகவே, வழக்குக்குப் போகாமல் ஒப்பந்தத்தைத் திருத்த முயன்று வருகிறேன். நான் சேர்க்கக் கேட்கும் விதிகள் இவை. பள்ளி மாற்றம் வேண்டும் என்பவர் டிசம்பருக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஜனவரி இறுதிக்குள் உடன்பாடு வராவிட்டால் இருக்கும் பள்ளியே தொடர வேண்டும். மாற்றினால் கூடும் கட்டணத்தை மாற்றம் கேட்டவரே ஏற்க வேண்டும். இருவர் கையொப்பமும் இல்லாமல் யாரும் டி.சி. வாங்கக் கூடாது. இரண்டாவது விதி எனக்குச் சாதகமானது என்கிறார் அவர். இன்றைய நிலையில் அது உண்மைதான். ஆனால் அவள் அவர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிட்டால் அதே விதி அவருக்குத் துணை நிற்கும் என்று பதில் எழுதியிருக்கிறேன். கட்டண விதிக்கு மட்டும் இதுவரை சம்மதித்திருக்கிறார்.