கடன் மேசையில் கேட்கப்படும் கேள்வி

ஆடி மாதம் நகைக்கடன் ஏறுவது விவசாயிகளால்தான் என்று எங்கள் வங்கியின் மண்டல அலுவலகம் நினைத்துக்கொண்டிருந்தது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கிறார்கள், விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும் என்பது கணக்கு. பாதி உண்மை. மறு பாதி பொறியியல் கலந்தாய்வு. ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வந்ததும், இத்தனை நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும் என்று கெடு வந்துவிடும். கல்விக்கடன் மனு வாரக்கணக்கில் நகரும். கெடு அதற்காகக் காத்திருக்காது. அதனால் அம்மாவின் சங்கிலி வங்கிக்கு வரும்.

நான் பொதுத்துறை வங்கியொன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரி, சேலம் வட்டாரத்துச் சிற்றூர்க் கிளைகளில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது, அதிலும் பெரும்பாலும் கடன் பிரிவில். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுக்க அரைமணி நேரம் போதும். நகையிடம் யாரும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கேட்பதில்லை. எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, வேலை கிடைக்குமா என்றும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் முதல் கல்விக்கடன் நகைக்கடன்தான். எங்கள் கடன் வருவது அதற்குப் பிறகு, வந்தால்.

கல்வி உரிமையா, வாய்த்தவர்க்குக் கிடைக்கும் சலுகையா என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வயது உண்டு. 14. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 10 ஆண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. அந்த 10 ஆண்டு நாற்பதைத் தாண்டிய பிறகு, 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று சொன்னது. அதற்கு மேல் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2002இல் அந்த உரிமையை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிய 86ஆவது திருத்தம் வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலானது. என் முன்னால் நிற்கிற பையனுக்கு 17 வயது முடிந்திருக்கும். சட்டப்படி அவன் உரிமையைக் கடந்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது.

பள்ளி வரைக்கும் இந்த மாநிலம் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கு வா என்று கூப்பிட்டதோடு நிறுத்தவில்லை. மதியச் சோறு, பாடநூல், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள், 2022 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தது. வராமல் போக என்னென்ன காரணம் உண்டோ அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டது. பிளஸ் டூ முடிந்து தனியார் கல்லூரி வாசலுக்கு வந்ததும் அந்தப் பட்டியல் நின்றுவிடுகிறது. அங்கிருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நாங்கள். எங்கள் தொழிலோ, பணம் திரும்பி வருமா என்று பார்ப்பது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001இல் வந்தது. காகிதத்தில் நல்ல திட்டம். 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கிடையாது. 2015இல் 7.5 லட்சம் வரையான கடன்களுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதியும் வந்தது. கடன் திரும்பி வராமல் போனால் நான்கில் மூன்று பங்கை அந்த நிதி தரும். இத்தனைக்குப் பிறகும் மேலாளர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வங்கியில் கொடுத்தவனைத்தான் விசாரிப்பார்கள். கொடுக்காதவனை யாரும் கேட்பதில்லை. கடன் வாராக்கடனானால் ஆடிட்டில் பெயர் வரும், விளக்கம் எழுத வேண்டும், பதவி உயர்வு நேர்காணலில் அது முன்னால் வந்து உட்காரும். திருப்பி அனுப்பப்பட்ட பையன் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். கொரோனா ஊரடங்குக்கு அடுத்த வருஷம். கோயம்புத்தூர் கல்லூரியொன்றில் இசிஇ கிடைத்திருந்தது, கலந்தாய்வு சீட். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா உள்ளூரில் மாடு வைத்துக்கொண்டு மகளிர் குழுக் கடனில் குடும்பத்தை ஓட்டுகிறவர். சான்றிதழ்கள் எல்லாம் சரி. தாசில்தார் கொடுத்த வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, போனஃபைடு, கட்டண விவரம், எதுவும் பாக்கியில்லை. பெற்றோர் பெயரைக் கணினியில் போட்டதும் அம்மாவின் சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் பதிவு, சிவப்பாக வந்தது. ஊரடங்கில் பால் எடுக்க வண்டி ஒழுங்காக வரவில்லை, நுண்கடன் தவணை சில மாதம் நின்றிருக்கிறது. பிறகு கட்டி முடித்துவிட்டார். ஆனாலும் பதிவு பதிவுதான்.

"கட்டிட்டேன் சார், சீட்டு வெச்சிருக்கேன்" என்று மஞ்சள் பையிலிருந்து ரசீதை எடுத்து வைத்தார் அந்த அம்மா.

"கட்டினது தெரியுதும்மா. தாமதமா கட்டினதுதான் காட்டுது."

"அது நான் வாங்கின கடனுங்க. இவன் என்ன பண்ணான்?"

அதற்கு விதிமுறைப் புத்தகத்தில் பதில் உண்டு, கூட்டுக் கடனாளி என்று. அந்தப் பதிலைச் சொன்னேன். மேலாளர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். அங்கிருந்து பதில் வருவதற்குள் கெடு முடிந்தது. அக்காவின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நகை எங்கள் கிளையிலேயே அடகுக்கு வந்தது. பையன் சேர்ந்துவிட்டான். அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனது. ஒரு வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் படிப்பு இன்னொரு பிள்ளையிடம் வாங்கிய கடனாகிறது. அதற்கு எந்த வங்கியும் கணக்கு வைப்பதில்லை.

கடன் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு 1 லட்சமாக நான்கு வருஷம் எடுக்கிறான், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழியும்போது சாதாரண வட்டியே 1.54 லட்சம் சேர்ந்திருக்கும். 5.54 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,600 ரூபாய். சென்னையில் முதல் சம்பளம் 15,000, அதில் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் எவ்வளவு என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. தொழிற்படிப்புக்கு மட்டும். பி.எஸ்சி. கணிதம் படிக்கிறவளுக்குக் கிடையாது. அதையும் கிளையில் யாராவது நினைவு வைத்து, உரிய காலத்தில் கணினியில் ஏற்றினால்தான். எழுத்தர் மாறுதலாகிப் போனால் மானியமும் போயிற்று. பல வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இன்னொரு பக்கம் கல்லூரிகள். ஒரு கட்டத்தில் மாநிலத்தில் 500க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. ஆய்வகத்தில் கருவி இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்துக் கடன் கொடுக்க எங்களுக்கு ஏது வழி? கல்லூரி பெயரில் டி.டி. எடுத்துக் கொடுத்தோம். பணம் கல்லூரிக்குப் போனது, அரியர் பையனுக்கு வந்தது, நோட்டீஸ் அப்பாவுக்குப் போனது. ஒரு காலத்தில் கல்விக்கடன் கட்டாதவர்களின் படத்தை ஃபிளெக்ஸ் அடித்து மாட்டிய கிளைகளும் உண்டு. தேர்தல் நேரத்தில் தள்ளுபடி வாக்குறுதி வரும். வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்தியவர்களின் சிபில்தான் கடைசியில் கெட்டது.

பணிக்காலத்தின் இடையில் சில வருஷம் சென்னையில் போட்டிருந்தார்கள். அங்கே வெளிநாட்டுப் படிப்புக்கான கடன்கள் வரும். 40 லட்சம், அதற்கு ஈடாக அடுக்குமாடி வீடு. ஒப்புதல் ஒரு வாரத்தில் வரும். ஆவணங்களில் கையெழுத்து வாங்க அதிகாரியே வீட்டுக்குப் போவார், காபியும் கிடைக்கும். வேறு வங்கிக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் எங்களுக்குத்தான். அதே வங்கி, அதே திட்டத்தின் பெயர். தர்மபுரியில் 4 லட்சத்துக்கு ஒரு குடும்பம் படியேறி நின்றது, இங்கே நாங்கள் போய் அழைப்புமணி அடித்தோம். சலுகை என்ற ஒன்றை நான் நேரில் பார்த்தது அங்கேதான். அதை அனுபவித்தவர்கள் யாரும் அதைச் சலுகை என்று நினைக்கவில்லை, அது வேறு விஷயம்.

என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், சும்மா கிடைத்தால் மதிப்பு இருக்காது என்பார். கடன் வாங்கிப் படித்தால்தான் பொறுப்பு வரும் என்பது அவர் கட்சி. அவர் படித்தது சேலத்தில் அரசுக் கலைக் கல்லூரி. நானும் அப்படித்தான். கட்டணம் என்று நாங்கள் கட்டியது பேருக்கு. வங்கித் தேர்வு எழுதிச் சேர்ந்தோம், வீடு கட்டினோம், எங்கள் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்தார்கள். சும்மா கிடைத்த படிப்பை நீங்கள் மதிக்கவில்லையா என்று கேட்டால் "அந்தக் காலம் வேற" என்பார். வேறுதான். அந்தக் காலத்தில் ஏழை வீட்டிலிருந்து கல்லூரி வாசலுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். கூட்டம் வரத் தொடங்கிய பிறகுதான் வாசலில் கல்லாப்பெட்டி வைத்தார்கள்.

பொறுப்பு பற்றி அவர் சொன்னதை முழுதாகத் தள்ளவில்லை. வாங்கிய கடனை நேர்மையாகக் கட்டி முடித்து, இனிப்புப் பெட்டியோடு வந்து கணக்கை முடித்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தில் இருந்த பெருமையையும் பார்த்தேன். ஆனால் அந்தப் பெருமை கடனிலிருந்து வெளியே வந்ததற்கானது, படித்ததற்கானது அல்ல என்றே எனக்குப் பட்டது.

உரிமை என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு உதாரணம் கிடைத்தது பணிக்காலத்தின் கடைசியில்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்த நவம்பரில் நடந்த கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தும், கட்டணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் இடத்தை விட்டுப் போனார்கள். செய்தி பரவியதும் அரசே கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும் என்றார்கள். ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகளைக் கடனுக்காக எங்களிடம் கூட்டி வருகிற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். அந்த வருஷம் பாஸ்புக் பதிய வந்தவர், "நம்ம பசங்க ரெண்டு பேருக்கு சீட்டு கிடைச்சிருக்கு சார். உங்க கிட்ட வர வேண்டியதில்லை" என்றார். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் வராமல் போனதற்குச் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தபோது, மாதம் 1,000 ரூபாய்க்காகக் கணக்குத் தொடங்கக் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று, ஆதார், அவ்வளவுதான். அப்பாவின் கடன் வரலாற்றை யாரும் புரட்டவில்லை. 1,000 ரூபாயில் பட்டம் வாங்க முடியாது, தெரியும். ஆனாலும் அந்தப் பெண்கள் கவுன்டரில் நின்ற தோரணையே வேறு. கணக்கு தாமதமானபோது, "ஏன் சார் இன்னும் ஆக்டிவ் ஆகல?" என்று ஒரு பெண் அதட்டலாகவே கேட்டாள். கல்விக்கடன் கேட்டு வந்தவர்களில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. 7.5 சதவீதம் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த, அதே கூலி வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. அவன் இப்போதும் வங்கிக்குத்தான் வர வேண்டும். முதல் பட்டப்படிப்பு வரைக்கும், வருமானம் இவ்வளவுக்குக் கீழே என்றால் கட்டணம் அரசுடையது என்று ஒரே கோடாகப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். வட்டி மானியத்துக்கும், உத்தரவாத நிதிக்கும், வாராக்கடன் தள்ளிவைப்புக்கும் இப்போதே போய்க்கொண்டிருக்கிறதே, அதிலிருந்து தொடங்கட்டும்.

அதுவரை, என்னிடம் யோசனை கேட்டு வருகிற பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். கல்விக்கடனுக்கு இணையத்தில் மனுப் போடும் வித்யாலட்சுமி தளத்தில் மனுவை ஏற்றிவிடுங்கள், நேரில் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வராதீர்கள். வாயால் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டத்தின்படி கல்விக்கடன் மனுவை நிராகரிக்க, கிளை மேலாளருக்கு மேலே உள்ள அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். காரணம் எழுதி, மேலே அனுப்பி, கையெழுத்து வாங்குவதைவிடக் கடனைக் கொடுத்துவிடுவது மேலாளருக்கு எளிது. போன ஜூலையில் இப்படி எழுத்தில் கேட்ட ஒரு வீட்டுக்குப் பத்து நாளில் ஒப்புதல் வந்தது. முதலில் வாயால் மறுத்த அதே கிளைதான் கொடுத்தது.