ரீகன் பேசியதும் ரீகன் செய்ததும்

செத்து இருபது வருடத்துக்கு மேலான ஓர் அமெரிக்க அதிபரின் குரலைக் கேட்டுவிட்டு, இப்போதைய அதிபர் பக்கத்து நாட்டுடன் நடந்த பேச்சுவார்த்தையையே முறித்துக்கொண்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வருகிறது. விஷயத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு 7.5 கோடி கனடிய டாலர் ஒதுக்கி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் விட்டது. ஒரு நிமிடம்தான். இறக்குமதிக்கு வரி போடுவது முதலில் நாட்டுப்பற்று மாதிரித் தெரியும், கொஞ்ச நாளைக்குப் பலன்கூடத் தரும், அப்புறம் பதிலடி வரும், வர்த்தகப் போர் மூளும், வேலைகள் போகும் என்று ரோனல்ட் ரீகன் தன் சொந்தக் குரலில் சொல்வார். டிரம்ப்புக்குக் கோபம் வந்தது, கனடாவுடன் இனிப் பேச்சே இல்லை என்றார். ரீகன் பெயரில் இருக்கும் அறக்கட்டளையும் பேச்சை வெட்டி ஒட்டித் திரித்துவிட்டார்கள், எங்களிடம் அனுமதி கேட்கவில்லை என்று அறிக்கை விட்டது. கூடுதலாகப் பத்து விழுக்காடு வரி போடுவேன் என்பது வரை சண்டை போனது.

நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தத் துணுக்கு இரண்டு விதமாகச் சுற்றியது. “பாத்தியா, ரீகனே சொல்லிட்டார்” என்று ஒரு கோஷ்டி. “அந்த ஆளே ஜப்பான் மேல வரி போட்டவர்தானே” என்று இன்னொரு கோஷ்டி. இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டு கோஷ்டியிலும் முழுப் பேச்சையும் கேட்டவர்கள் யாராவது இருந்தார்களா என்பது சந்தேகம்.

நான் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் படிவங்களோடு மாரடிக்கிறவன், அதனால் இது எனக்கு வெறும் அரட்டை இல்லை. 2004 ஜனவரியிலிருந்து சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் தடையற்ற வர்த்தக உடன்பாடு நடப்பில் இருக்கிறது. அங்கே சரக்கை எடுக்கிறவர் சுங்கப் படிவத்தில் ‘எஸ்ஜி’ என்று இரண்டெழுத்தைப் போட்டு, பொருள் இங்கே செய்ததுதான் என்பதற்கு ஆதாரமும் வைத்திருந்தால் வரி பூஜ்யம். 2025 ஏப்ரலில் அந்த இரண்டெழுத்து அது பாட்டுக்கு அங்கேயே இருக்க, அதற்கு மேல் பத்து விழுக்காடு வந்து உட்கார்ந்தது. இத்தனைக்கும் சரக்கு வர்த்தகத்தில் அமெரிக்காதான் நமக்கு அதிகம் விற்கிறது, அவர்கள் பொருளுக்கு நாம் தீர்வை வாங்குவதும் இல்லை. நண்பனுக்குச் செய்கிற காரியமா இது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் நாடாளுமன்றத்தில் வருத்தப்பட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் துவாஸ் பக்கம் சின்னத் தொழிற்கூடம் வைத்து ஆய்வுக்கூடங்களுக்கான பிளாஸ்டிக் சாமான்கள் செய்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் திறந்து என்னிடம் நீட்டினார். வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அடுத்த இன்வாய்ஸிலிருந்து விலையில் கழித்துவிடுங்கள் என்று நாலு வரி, கீழே ‘அன்புடன்’. அந்த ஆர்டரில் அவருக்கு மிஞ்சுவதே ஏழோ எட்டோ விழுக்காடுதான். “தம்பி, இவங்க ரீகன் கட்சிக்காரங்கதானே? அந்தாளு இதெல்லாம் வேணாம்னுதானே சொன்னாரு?” என்று கேட்டார். அவர் கேட்டதற்காகவாவது முழுசாகக் கேட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

1987 ஏப்ரல் 25, சனிக்கிழமை. கேம்ப் டேவிட்டிலிருந்து வழக்கமான ஐந்து நிமிட வானொலி உரை. ஜப்பானியப் பிரதமர் நாக்கசோனே வாஷிங்டனுக்கு வரவிருந்த சமயம். ரீகன் என்ன சொல்கிறார் என்றால், ஜப்பானியப் பொருள்கள் சிலவற்றின் மீது இப்போதுதான் வரி போட்டிருக்கிறேன், காரணம் கணினிச் சில்லு விஷயத்தில் அவர்கள் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை, மற்றபடி இப்படிச் செய்ய எனக்கு மனமே இல்லை. அதற்கப்புறம்தான், ஏன் மனமில்லை என்பதற்கு, விளம்பரத்தில் வரும் அத்தனை வாக்கியங்களும் வருகின்றன. 1930இல் போட்ட உயர்ந்த வரிகள் பெருமந்தத்தை எப்படி மோசமாக்கின, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வேதனை எப்படி ஆறவே இல்லை என்று சொல்கிறார். அப்போது இளைஞராக இருந்தவர் அவர். குரலில் அது தெரிகிறது.

ஒன்டாரியோக்காரர்கள் வார்த்தையை மாற்றவில்லை, வரிசையை மாற்றினார்கள், முதல் பகுதியை விட்டுவிட்டார்கள். அறக்கட்டளை சொல்கிற அளவுக்கு அர்த்தம் தலைகீழாகிவிடவில்லை என்பது என் கட்சி. ஆனால் விட்டுப்போன அந்த முதல் பகுதிதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. வரி போட்ட கையோடு வந்து வரி எவ்வளவு கெட்டது என்று ஐந்து நிமிடம் விளக்குகிற ஓர் அதிபரை இப்போது எங்கே போய்த் தேடுவது?

பேச்சை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தால் மனிதர் அப்படி ஒன்றும் உத்தமர் இல்லை. அந்த ஜப்பான் வரி நூறு விழுக்காடு, 30 கோடி டாலர் மதிப்புள்ள கணினி, வண்ணத் தொலைக்காட்சி, மின்சாரக் கைக்கருவிகள் மீது. பதவிக்கு வந்த 1981லேயே ஜப்பானை அழுத்தி, வருடத்துக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்ப மாட்டோம் என்று ‘தானாக முன்வந்து’ சொல்ல வைத்தார்கள். எண்ணிக்கைக்குத்தானே கட்டுப்பாடு, சரி, விலை உயர்ந்த காராக அனுப்புவோம் என்று ஜப்பான்காரன் அதிலும் காசு பார்த்தான், அமெரிக்கர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். 1983இல் ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்ற 700 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 45 விழுக்காடு கூடுதல் வரி. உடனே ஜப்பானிலிருந்து 699 சிசி வண்டிகள் வந்து இறங்கின! சுங்கத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த மாதிரி ஒரு கதை தெரிந்திருக்கும். வரியில் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே ஒரு பொருள் பிறக்கும். இதில் வேடிக்கை, அந்த வானொலி உரை முடிந்து பதினோரு நாளில், 1987 மே 6 அன்று, ரீகன் பென்சில்வேனியாவின் யார்க் நகரிலுள்ள ஹார்லி தொழிற்சாலைக்கே போய் அந்தத் தொழிலாளர்களைப் பாராட்டிப் பேசினார். நிறுவனம் தேறிவிட்டது, பாதுகாப்பு வரி இனி வேண்டாம் என்று அவர்களே கேட்டிருந்தார்கள். தடையற்ற வர்த்தகத்துக்கும் கைதட்டு, அதை மீறிப் போட்ட வரிக்கும் கைதட்டு. இரண்டையும் ஒரே மேடையில் வாங்க அவரால்தான் முடியும்.

எப்படி முடிந்தது என்பதற்கு அவருடைய பழைய வேலையில் ஒரு பதில் இருக்கிறது. 1930களில் ஐயோவா மாநிலத்து வானொலியில் விளையாட்டு வர்ணனையாளர். சிகாகோவில் நடக்கும் பேஸ்பால் ஆட்டத்தை அவர் அங்கே உட்கார்ந்து பார்த்துச் சொல்லவில்லை. தந்தியில் வரும் துண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு, வெயில், கூட்டம், பந்து பறக்கும் உயரம் எல்லாவற்றையும் நேரில் பார்ப்பதுபோலச் சொல்வார். ஒருநாள் தந்தி அறுந்துவிட்டது. ஆட்டம் நின்றதாகச் சொல்லாமல், மட்டைக்காரர் பந்தைத் தட்டித் தட்டி வெளியே அனுப்புவதாகப் பல நிமிடம் அடித்துவிட்டார், கடைசியில் தொடர்பு திரும்பும்வரை. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். (அதே குரல் 2025இல் பேஸ்பால் இறுதிச்சுற்றின் நடுவே விளம்பரமாக ஒலித்ததை என்னவென்று சொல்ல.)

நான் ரீகன் ரசிகன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கமே பிரச்சினை என்று 1981 பதவியேற்பில் முழங்கியவர் நாட்டுக் கடனை ஏறக்குறைய மூன்று மடங்காக்கிவிட்டுத்தான் போனார். வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பினார். எய்ட்ஸ் பற்றி முழு உரை ஒன்று நிகழ்த்த அவருக்கு 1987 மே வரை ஆனது.

சிங்கப்பூருக்கும் அவர் காலத்தில் பாலும் தேனும் ஓடவில்லை. 1985இல் சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் பொருளியல் மந்தம் இங்கே வந்தது. மறு வருடம் முதலாளிகள் கட்டும் மத்திய சேமநிதி 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆக வெட்டப்பட்டதை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அந்த 1985 அக்டோபரில்தான் லீ குவான் இயூ வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் நின்று, கதவைச் சாத்தாதீர்கள் என்று பேசினார். அதே பருவத்தில் ஆசியத் துணிமணி இறக்குமதியை வெட்டும் மசோதாவை அவர்கள் நிறைவேற்ற, டிசம்பரில் ரீகன் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். அந்தத் தடையை உடைக்க 1986 ஆகஸ்ட்டில் கீழவையில் வாக்கெடுப்பு நடந்தது, தேவையானதற்கு எட்டு ஓட்டு குறைந்து தோற்றது. அப்படியானால் நமக்கு நல்லவர்தானே என்றால், 1988 ஜனவரியில் அதே ரீகன் அரசாங்கம் சிங்கப்பூர், ஹாங்காங், தென்கொரியா, தைவான் நான்குக்கும் வளரும் நாடுகளுக்கான வரிச்சலுகையை நீக்குவதாக அறிவித்தது. 1989 தொடக்கத்திலிருந்து ஜிஎஸ்பி என்ற அந்தச் சலுகை கிடையாது, நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் ஓய்வு வயதைத் தாண்டியும் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அப்போது ஏற்றுமதிப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். ஜிஎஸ்பிக்கான ஃபார்ம் ஏ தாள்கள் கட்டுக்கட்டாக மிச்சமாகி, அதன் பின்பக்கத்தில் மிகைநேரக் கணக்கு எழுதியே தீர்த்தார்களாம். “வருத்தமா இருந்துச்சா அண்ணே?” என்று கேட்டேன். “வருத்தந்தான். ஆனா ஒரு வருசம் முன்னாடியே சொல்லிட்டாங்கள்ல” என்றார்.

அந்த அண்ணன் சொன்னதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ரீகன் சொன்னபடி நடக்கவில்லை, சரி. ஆனால் சொல் ஒன்று இருந்தது. அதை மீறும்போது மீறுகிறோம் என்று அவர்களுக்கே உறுத்தியது. காரணம் சொன்னார்கள், தேதி சொன்னார்கள், பட்டியல் கொடுத்தார்கள். சின்ன நாட்டுக்காரன் அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வாஷிங்டனுக்குப் போய், ஐயா நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்க முடிந்தது. லீ அன்றைக்குச் செய்தது அதுதான். மொத்த வர்த்தகம் உள்நாட்டு உற்பத்தியைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிற ஊருக்கு, பெரியவன் போடும் வேஷம்கூட ஒரு பாதுகாப்பு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்ட பிறகு 1987 மார்ச்சில் ரீகன் தொலைக்காட்சிக்கு வந்து, பணயக்கைதிகளுக்காக ஆயுதம் கொடுக்கவில்லை என்றுதான் என் மனசு இன்னும் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன என்று பேசியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அது நழுவலா, ஒப்புதலா என்று இன்றைக்கும் வாதாடலாம். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் பள்ளம் விழுந்தால் அங்கே வந்து நின்று ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமாவது அவருக்கு இருந்தது. இப்போது வரிதான் அகராதியிலேயே அழகான சொல் என்கிறார்கள். பள்ளமே இல்லை. வேஷமும் இல்லாததால் இவர்கள் நேர்மையானவர்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். அந்த நேர்மைக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று துவாஸில் போய்க் கேட்கச் சொன்னேன்.

குடியேறிகள் விஷயத்திலும் இதே கதைதான், நம்மவர்களுக்கு இது இன்னும் நெருக்கம். அதிபராக அவர் பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று, 1989 ஜனவரி 19. நீங்கள் பிரான்ஸில் போய் வாழலாம், பிரெஞ்சுக்காரராக முடியாது; உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் அமெரிக்காவுக்கு வந்து அமெரிக்கராகிவிடலாம் என்கிறார், ஒருவர் தமக்கு எழுதிய கடிதத்தைக் காட்டி. 1986இல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைத்தது என்பதால் இதை வெறும் வாய்ப்பந்தல் என்று தள்ளவும் முடியாது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது, சென்னையிலும் கோவையிலும் எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்பது தேக்காவில் காசு அனுப்பும் வரிசையில் நின்றாலே காதில் விழுந்தது.

கடைசியாக, ஒன்டாரியோக்காரர்கள் ஏன் 1987 உரையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. 1988 நவம்பர் 26 வானொலி உரை இருக்கிறதே. கனடாவில் பிரதமர் மல்ரோனி தடையற்ற வர்த்தக உடன்பாட்டை முன்வைத்துத் தேர்தலில் ஜெயித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரீகன் குஷியாகப் பேசுகிறார். நண்பர்கள்மீதே வர்த்தகப் போர் தொடுக்கத் துடித்துக்கொண்டு, கூடவே அமெரிக்கக் கொடியையும் ஆட்டுகிற வாய்வீச்சுக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறார். பேச்சே கனடாவைப் பற்றி. நடுவில் ஜப்பானும் இல்லை, சில்லும் இல்லை, வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் வேலையே இல்லை. அதை அப்படியே ஒலிபரப்பியிருந்தால் அந்த அறக்கட்டளை என்ன அறிக்கை எழுதியிருக்கும் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.