ஊளம்பாறை என்னும் வசை

சிறுவயதில் நாங்கள் சண்டையிடும்போது, "உன்னை ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்" என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வோம். திருவிதாங்கூர் மன்னர் காலத்திலிருந்து இயங்கிவரும் மனநல மருத்துவமனை திருவனந்தபுரத்தில் அமைந்திருக்கும் இடம் அது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த எங்கள் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், நோய் தீர்க்கும் ஓர் இடத்தின் பெயர் எங்கள் நாவில் வசையாகவே தங்கிவிட்டது. என் சித்தப்பாவின் காதில் விழும்படியே நானும் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைக்கும்போது இன்றும் வேதனையாக இருக்கிறது.

சித்தப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஆளில்லாத தோட்டத்தில் யாரோ தன்னை ஏசுவதாக அவர் சொல்லத் தொடங்கியபோது, வீட்டார் அதைச் செய்வினை என்று நம்பினார்கள். கோயில், ஜெபவீடு, மந்திரவாதி என்று நான்கு ஆண்டுகள் அலைந்தார்கள். வழிபாடு அவர்களுக்குத் தெம்பளித்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவரைப் பின்னறையில் வைத்துக்கொண்டு, உறவினர்களிடம் 'கேரளத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான்' என்று சொன்னார்களே, அந்தப் பொய்தான் சிகிச்சையை அத்தனை காலம் தள்ளிப்போட்டது. வீட்டில் மணவயதில் அத்தை இருந்தார். 'பைத்தியக்காரன் குடும்பம்' என்ற பேச்சு எழுந்தால் அவருக்கு வரன் அமையாது என்ற அச்சமே எல்லாவற்றுக்கும் காரணம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. அந்த அச்சத்தைப் படிப்பு தொடவே இல்லை.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில்தான் அது மனச்சிதைவு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். குரல்கள் மெல்ல அடங்கின. மாத்திரையின் மயக்கத்தால் விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போக முடியவில்லை என்றபோது, தோட்டக்காரர் அவரை விலக்கிவிடாமல், பகலில் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் வேலையைக் கொடுத்தார். மருந்து செய்ததில் பாதியையாவது அந்த வேலை செய்தது என்று நான் நம்புகிறேன். அவரோடு அமர்ந்து தேநீர் குடித்த பிறகு, அவரைக் கண்டு ஒதுங்கியவர்களும் பழைய சொற்களைக் கைவிட்டார்கள். எத்தனை சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் அது நடந்திருக்குமா என்பது ஐயமே.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது; மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் அந்த எண்ணைச் சுழற்றுவதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று தயங்கும் மனிதரைச் சட்டம் எட்டுவதில்லை.

சென்ற ஆண்டு என் தங்கைக்கு வரன் பேச வந்தவர்களிடம் அம்மா எதையும் மறைக்கவில்லை. முற்றத்தில் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்த சித்தப்பாவை அழைத்து அருகில் அமர்த்தி, அவருடைய நோயையும் மருந்தையும் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சர்க்கரை நோயாளியிடம் கேட்பதுபோல, "மாத்திரையை விடாம சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று கேட்டார். "முடக்குறதில்லை" என்றார் சித்தப்பா. அதன்பின் பேச்சு கல்யாண மண்டபத்தைப் பற்றித் திரும்பியது.