குனிந்து பார்க்கும் கேமரா

ஹோமாய் வியாரவாலா என்றால் ‘இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர் எப்படி நின்று படம் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த என் மாமாவின் ரோலிஃபிளெக்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. ஹோமாயும் அந்த வகைக் கேமராவைப் பயன்படுத்தியவர்தான். அதைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். இடுப்புக்கு மேலே பிடித்து, தலை குனிந்து கேமராவின் மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும். தைப்பூசத்தில் காவடி வலப்பக்கம் போனால் கண்ணாடிக்குள் இடப்பக்கம் ஓடும். கை பழகும்வரை திண்டாட்டம்தான். ஒரு சுருளுக்கு 12 படம். உடுக்கைச் சத்தம் ஏறி ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்துச் சுருள் தீரும். ஓரமாக நின்று மாற்றினால், “தள்ளிக்கம்மா” என்று ஆண்கள் முழங்கையால் நகர்த்துவார்கள். ஆனால் ஒன்று, நாம் குனிந்து நிற்பதால் பால்குடம் எடுக்கும் ஆயாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

இதையெல்லாம் ஹோமாய் டெல்லியில், புடவை கட்டிக்கொண்டு, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே செய்தார். 1942இல் பிரிட்டிஷ் தகவல் சேவையில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் பம்பாயில் அவர் எடுத்த படங்கள் பல, கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். இவள் என்னத்தை எடுத்துவிடப் போகிறாள் என்று ஆண்கள் அசட்டையாக இருந்தார்கள். அதனாலேயே நெருங்கி எடுக்க முடிந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1947இல் பிரிவினைத் திட்டத்துக்குத் தலைவர்கள் கையுயர்த்தி வாக்களித்ததை எடுத்தார். அது சாதாரணப் படமா?

1948 ஜனவரி 30 அன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரைக் கணவர் திரும்ப அழைத்துவிட்டார். காந்தி சுடப்பட்டது அன்றுதான். அங்கே இல்லாமல் போனோமே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இறுதி ஊர்வலத்தை எடுத்தார்.

அப்புறம் 1970இல் தொழிலையே விட்டார். கணவர் முந்தைய வருஷம்தான் காலமாகியிருந்தார். புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தையும் அவருக்குப் பிடிக்கவில்லை. 2011இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2012 ஜனவரியில் வதோதராவில் இறந்தார். இடையில் நாற்பது வருஷத்துக்கும் மேல். அந்த இந்தியாவை அவர் எடுத்த படங்களில் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.